தோப்புக்கு எப்பலே வாரீங்க?

ஊட்டிக்குப் போவது என்று முடிவானது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். இடம், தென்காசி பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சு. காசி விஸ்வநாதர் கோபுர வாசலில் அடிக்கிற காற்று இந்த பெஞ்சு வரைக்கும் வந்து டீ கிளாஸில் நுரையைத் தள்ளிவிட்டுப் போகும். எங்கள் கோஷ்டியின் முக்கியத் தீர்மானங்கள் எல்லாம் இங்கேதான் நிறைவேறும். அடுத்த வாரம் இங்கேயே ரத்தாகும்.

கோஷ்டி என்றால் நாலு பேர். அடியேன் ஓர் ஆபீஸில் கணக்குப் பிரிவு. இரண்டாமவன் 'பாலிசி'. கல்யாண வீடானாலும் துஷ்டி வீடானாலும் பையில் இன்ஷூரன்ஸ் ஃபாரத்தோடு போகிறவன். மூன்றாமவன் 'டவுட்டு'. சினிமாவுக்குப் போனால் டைட்டில் ஓடும்போதே, 'ஏலே, இதுல யாரு வில்லன்?' என்று கேட்பான். நாலாமவன் 'தோப்பு'. ஒரு தனியார் கம்பெனியில் பில் போடுகிறான். பண்பொழி தாண்டி மேக்கரை போகிற வழியில் அவனுக்கு மூணு ஏக்கர் தென்னந்தோப்பு. அப்பா சம்பாதித்தது. அவர் தவறி இரண்டு வருஷமாகிறது.

தோப்பு நாலு வாக்கியம் பேசினால் அதில் ஒன்று, "தோப்புக்கு எப்பலே வாரீங்க?" என்பதாக இருக்கும். பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறான். பன்னிரண்டு வருஷமாக நாங்களும், "வாரோம், வாரோம்" என்கிறோம். தென்காசியிலிருந்து இருபது கிலோமீட்டர். பஸ் இருக்கிறது. ஆனாலும் தோப்பில் போய் என்ன பார்க்க? தென்னை மரத்தை எங்கே பார்த்தாலும் அதே தென்னைதானே!

அந்தச் செவ்வாய்க்கிழமை பாலிசி ஒரு செய்தியோடு வந்தான்.

"ஊட்டியில சாக்லேட் மியூசியம் இருக்காம்லே. சாக்லேட் எப்படிச் செய்யுதான், எங்க விளையுது, எல்லாம் காட்டுவானாம். சும்மா திங்கவும் கொஞ்சம் குடுப்பானாம்."

கடைசி வாக்கியத்தில் எங்களுக்கு அறிவுத் தாகம் பீறிட்டது.

"ஜெர்மனியில கொலோன்னு ஒரு ஊரு. அங்க ரைன் நதிக்கரையில பெரிய சாக்லேட் மியூசியம். 1993-ல திறந்தான். உள்ள ஒரு நீரூற்று வெச்சிருக்கான்லே... தண்ணி இல்ல, சாக்லேட்! இருநூறு கிலோ சாக்லேட் குபுகுபுன்னு ஊத்துது. பக்கத்துல ஒரு அம்மா பிஸ்கட்டை அதுல முக்கி, போறவன் வாரவனுக்கெல்லாம் குடுக்கா."

"கொலோன்னா சென்ட் பாட்டில்லல்லா எழுதியிருக்கும்?" இது டவுட்டு.

"அந்த சென்ட்டே அந்த ஊரு பேருதாம்லே."

டவுட்டு அசந்துபோனான். சென்ட்டும் சாக்லேட்டும் ஒரே ஊரில்! அவன் மனசு ஜெர்மனியிலேயே குடியேறிவிட்டது. நாங்கள்தான் ஊட்டிக்கு இறக்கிக் கொண்டுவந்தோம். நானூறு கிலோமீட்டருக்கு மேலே. மூன்று நாள் லீவு, வாடகைக் கார், ரூம் வாடகை... கணக்கெல்லாம் போட்டாயிற்று.

தோப்பு மட்டும் டீயை ஆற்றிக்கொண்டே, "சாக்லேட் மரம் நம்ம தோப்புலயே நிக்கிலே" என்றான்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாலிசி, "ஸ்வெட்டர் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டான்.

*

லீவு லெட்டரில் சாக்லேட் தின்னப் போகிறேன் என்று எழுத முடியாது. 'குலதெய்வ வழிபாடு' என்று எழுதிக்கொண்டு போய் மேலதிகாரி முன்னால் பவ்யமாக நின்றேன்.

அவர் லெட்டரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க குலதெய்வம் போன வருஷம் சங்கரன்கோவில் பக்கத்துலல்லா இருந்துச்சு? இப்ப ஊட்டிக்கு ட்ரான்ஸ்ஃபராயிட்டோ?"

திருதிருவென்று விழித்தேன். காலையில்தான் பாலிசி அவரைப் பார்த்து ஒரு எண்டோமென்ட் திட்டத்தை விளக்கிவிட்டு, 'அடுத்த வாரம் கையெழுத்து வாங்க வர முடியாது சார், நாங்க நாலு பேரும் ஊட்டிக்குப் போறோம்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

ஊட்டி ரத்து. அதே பெஞ்சு. அதே டீ.

"ஞாயிற்றுக்கிழமை குத்தாலத்துக்காவது போவோம்" என்றேன். தென்காசிக்காரனுக்குக் குற்றாலம் என்பது வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. ஐந்து கிலோமீட்டர். வெளியூர்க்காரன் காரில் வந்து குளித்துவிட்டுப் போகிறான், நாம் சீஸன் முடிந்த பிறகு, 'இந்த வருஷமும் போகலையே' என்று வருத்தப்படுவோம்.

"அப்படியே நம்ம தோப்புக்கு..." என்று தோப்பு ஆரம்பித்தான்.

"நேரமிருந்தா பாப்போம்" என்றான் பாலிசி. நான் தலையாட்டினேன். நேரமிருந்தால் என்பதற்கு எங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் சிரித்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைமேல் மேகம் இறங்கி, சாரல் சன்னமாக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் திருவிழாக் கூட்டம். மங்குஸ்தான், ரம்புட்டான் எல்லாம் கூடை கூடையாகக் குவிந்து கிடந்தன. கடைக்குக் கடை நேந்திரங்காய் சிப்ஸ். எண்ணெய்க் கிண்ணத்தோடு மசாஜ்காரர்கள்.

பாலிசி நேராக ஒரு மசாஜ்காரரிடம் போய் உட்கார்ந்தான். "அருவியில நிக்கிறதுக்கு முன்னால எண்ணெய் தேய்ச்சாத்தாம்லே உடம்புல ஊறும்." அவர் அவனைப் புரட்டி எடுத்தார். கைவிரலில் இருந்து கால் கட்டை விரல் வரை சொடக்கு எடுத்தார். அரை மணி நேரத்தில் பாலிசி, எண்ணெய்ச் சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த உளுந்த வடை மாதிரி பளபளவென்று எழுந்து நின்றான்.

சரியாக அந்த நேரத்தில் சைரன் ஊதியது.

மேலே மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழ ஆரம்பித்துவிட்டது. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லாரையும் வெளியே ஏற்றிவிட்டார்கள். குளிக்கத் தடை. ஐந்தருவிக்கு ஓடினோம். அங்கேயும் கயிறு கட்டியாயிற்று. பழைய குற்றாலத்திலும் அதே கதை என்றார்கள்.

நாங்கள் மூன்று பேரும் உலர்ந்த துண்டோடு திரும்பிப் போய்விடலாம். பாலிசி என்ன செய்வான்? தலையிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். ஆட்டோக்காரர் சீட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், போய்விட்டார்.

"தோப்புல பம்ப் செட் இருக்கு" என்றான் தோப்பு, மெதுவாக.

இப்படியாகத்தானே, பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, நண்பனின் அழைப்பை ஏற்று நாங்கள் அவன் தோப்புக்குக் கிளம்பினோம். காரணம் நட்பு என்று நினைத்துவிடாதீர்கள். நல்லெண்ணெய்!

*

தோப்பு தன் சித்தப்பாவின் பழைய ஜீப்பை எடுத்து வந்தான். பாலிசிக்குச் சீட்டில் நாலு நாள் தினசரிப் பேப்பர் விரித்தோம். வழியில் பிரானூரில் நிறுத்தி நாலு பேருக்கும் பரோட்டா, நாட்டுக்கோழி பார்சல். 'பார்டர் பரோட்டா' என்று ஊரெல்லாம் பெயர். 1956-ல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேருகிற வரைக்கும் அது திருவிதாங்கூரில் இருந்தது. எல்லைக்கோடு போய் எத்தனையோ வருஷமாகியும் பரோட்டாவுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

செங்கோட்டை தாண்டி, பண்பொழி தாண்டி... வலதும் இடதும் வயல். திருமலைக்கோவில் குன்று மேகத்துக்குள் பாதி மறைந்து நின்றது. இத்தனை அழகு இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று எனக்கே ஆச்சரியம். நாற்பது வயதை நெருங்குகிறேன். இந்த ரோட்டில் வந்ததே இல்லை.

தோப்பு வாசலில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். தலையில் துண்டு. எண்ணெய் வழிய ஜீப்பிலிருந்து இறங்கிய பாலிசியைப் பார்த்து, "யாருய்யா இது, காவடியா?" என்றார்.

"பாட்டையா, முதல்ல மோட்டாரைப் போடுங்க" என்றான் தோப்பு.

பம்ப் செட் தண்ணீர் தொட்டியில் விழுந்த சத்தம் இருக்கிறதே... அடடா! சைரன் கிடையாது. கூட்டம் கிடையாது. எவன் முழங்கையும் நம் விலாவில் இடிக்கவில்லை. நாலு பேரும் ஒரு மணி நேரம் ஊறினோம். கரையில் உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். டவுட்டுக்குக்கூட ஒரு சந்தேகமும் வரவில்லை.

கை கழுவிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். எதிரே இருந்த மரத்தில் ஒரு அட்டை தொங்கியது. மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம். ஸ்கெட்ச் பேனாவில், குழந்தைக் கையெழுத்தில், 'காட்சி எண் 1' என்று எழுதியிருந்தது.

"மக எழுதினா" என்றான் தோப்பு, வெட்கத்தோடு. "நீங்க சாக்லேட் மியூசியம், மியூசியம்னு சொன்னீங்கல்லா..."

நேற்றே வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறான். குற்றாலத்தில் அருவி திறந்திருந்தால் அந்த அட்டைகள் சாரலில் நனைந்து யாரும் பார்க்காமலே கிழிந்திருக்கும். எனக்குப் பரோட்டா தொண்டையில் நின்றது.

*

காட்சி எண் 1, மரம். தென்னைகளுக்கு நடுவே, நிழலில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. பெரிய இலைகள். காய்கள் கிளை நுனியில் தொங்கவில்லை. பலா மாதிரி அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றன. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று வரி வரியாக, சின்னப் பப்பாளி அளவுக்கு. கோகோ!

"இதோட சொந்த ஊரு அமேசான் காட்டுப் பக்கம். 1753-ல லின்னேயஸ்னு ஒருத்தர் வெச்ச பேரு தியோப்ரோமா. தெய்வங்களோட சாப்பாடுன்னு அர்த்தம்" என்றான் தோப்பு. பில் போடுகிறவன் வாயிலிருந்து லின்னேயஸ்!

"அமேசான் மரம் இங்க எப்படிலே வளருது?" டவுட்டு.

"குத்தாலத்துல காலையில மங்குஸ்தான் பாத்தோம்லா, அது மட்டும் உள்ளூரா? இருநூறு வருஷத்துக்கு முன்னால வெள்ளைக்காரக் கம்பெனி இந்த மலையடிவாரத்துலதான் ஜாதிக்கா, கிராம்பெல்லாம் கொண்டாந்து நட்டுச்சு. மழையும் நெழலும் இருந்தா வாரவுகளை எல்லாம் வளக்குற மண்ணுலே இது. கேட்பரீஸ்காரங்க 1965-லருந்தே நம்ம நாட்டுல கோகோ சாகுபடியைப் பரப்பினாங்க. எங்கப்பா பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால நட்டாரு. ஐந்நூறு மரம்."

காட்சி எண் 2, பூ. அடிமரத்திலேயே பொட்டுப் பொட்டாக, மூக்குத்தி அளவு. இதில் மகரந்தத்தைச் சேர்க்க வண்டு, தேனீ எல்லாம் லாயக்கில்லையாம். கொசுவைவிடப் பொடியாக ஒரு ஈ இருக்கிறது. அது மனசு வைத்தால்தான் காய். நூறு பூவில் ஐந்து காய் நின்றாலே பெரிய விஷயம்.

"அப்ப உலகத்துல சாக்லேட்டே ஒரு ஈயோட புண்ணியமாலே?" டவுட்டு தலையில் கை வைத்தான்.

காட்சி எண் 3, ஓட்டை விழுந்த ஒரு காய். "இது அணிலோட பங்கு. எலிக்குத் தனிப் பங்கு. மிச்சம்தான் நமக்கு."

காட்சி எண் 4-ல் தோப்பு ஒரு மஞ்சள் காயைப் பறித்துக் கல்லில் தட்டி உடைத்தான். உள்ளே வெள்ளை வெளேர் என்று சுளை. முப்பது, நாற்பது விதைகள் சோளக்கதிர் மாதிரி அடுக்கி இருந்தன. ஒன்றை வாயில் போட்டேன். இனிப்பும் புளிப்புமாக, மங்குஸ்தானுக்குச் சித்தப்பா மகன் மாதிரி ஒரு ருசி. சாக்லேட் வாசனை மருந்துக்கும் இல்லை. ஆசையில் விதையையும் கடித்துவிட்டேன். உள்ளே ஊதா நிறம். கசப்பென்றால் கசப்பு... மண்டைக்குள் ஏறியது! நிலவேம்புக் கஷாயம் பாயசம் மாதிரித் தோன்றிவிடும்.

"இதையா தெய்வம் சாப்பிட்டுச்சு?" என்றேன்.

"அவசரப்பட்டா?" என்று சிரித்தபடி காட்சி எண் 5-க்குக் கூட்டிப் போனான். ஷெட்டுக்குள் ஒரு மூங்கில் கூடை. வாழை இலை போட்டு மூடியிருந்தது. "கையை உள்ள விடுலே."

விட்டேன். சுரீர் என்றது! இட்லிக் கொப்பரை மாதிரிச் சூடு. காடி நாற்றம் மூக்கைத் துளைத்தது. அடுப்பு இல்லை, தணல் இல்லை. சுளையில் உள்ள சர்க்கரை புளித்துப் புளித்து, தானாகவே ஐம்பது டிகிரி பக்கம் போகுமாம். ஆறு நாள். நடுவில் கிளறிக் கொடுக்க வேண்டும். இந்தச் சூட்டில்தான் விதை செத்து, கசப்புக் குறைந்து, சாக்லேட்டின் வாசனைக்கு அஸ்திவாரம் விழுகிறது. இந்த ஆறு நாளைத் தவறவிட்டால் எந்த ஊர் ஃபேக்டரியிலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

காட்சி எண் 6, காய்ச்சல். ஷெட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் விதைகளைப் பரப்பியிருந்தான். ஒரு கைப்பிடி அள்ளி நெரித்தான். "கறமுறன்னு சத்தம் வரணும். வரலைன்னா இன்னும் ஈரம் இருக்குன்னு அர்த்தம். பூசணம் புடிச்சிரும்." காதை வைத்துக் கேட்டோம். சத்தம் வரவில்லை. வெளியே சாரல் அதே சன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கெல்லாம் சாரல்னா சீஸன். எனக்கு இதுதாம்லே சத்துரு" என்றான்.

*

காட்சி எண் 7 என்ற அட்டை மோட்டார் ரூம் வாசலில் தொங்கியது. அதற்குக் கீழே பாட்டையா உட்கார்ந்து அம்மியில் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தார்.

"இவர்தான் காட்சி" என்றான் தோப்பு. "ஐந்நூறு கன்னும் இவரும் அப்பாவும் நட்டது. எந்த மரம் எந்த மாசம் காய்க்கும்னு இவருக்குத்தான் தெரியும்."

பாலிசி பையிலிருந்து ஒரு சாக்லேட் பட்டையை எடுத்து நீட்டினான். அவன் முகத்தில் வள்ளல் களை. விளைவித்தவர் முதன்முதலாக ருசி பார்க்கிற சரித்திரக் காட்சியைப் பார்க்க நாங்களும் தயாரானோம்.

"இதா? என் பேத்தி டெய்லி திங்கா. எனக்கு வேண்டாம்யா, பல்லுல ஒட்டும்" என்று ஒதுக்கிவிட்டார். "நீங்க இதைக் குடிங்க."

வறுத்து, தோல் நீக்கி, அம்மியில் வைத்து அரைத்த கோகோ. வெண்ணெய் மாதிரி குழைந்திருந்தது. அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கருப்பட்டி, தட்டிய சுக்கு, இரண்டு மிளகு. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு வாய் குடித்தேன். முதலில் கருப்பட்டி வந்தது. பிறகு சுக்குக் காரம். கடைசியில், எங்கேயோ அடியிலிருந்து, சாக்லேட்! காகிதம் சுற்றிய பட்டையில் நான் பார்த்திராத ஆழம். கசப்பு இருந்தது. ஆனால் காலையில் நல்ல டிகிரி காப்பியில் இருக்குமே, அந்த மாதிரிக் கசப்பு.

பிறகு படித்துப் பார்த்தேன். மெக்ஸிகோ பக்கத்து ஆஸ்டெக் ஜனங்கள் ஐந்நூறு வருஷத்துக்கு முன்பு இப்படித்தான் குடித்திருக்கிறார்கள், மிளகாய் போட்டு, சர்க்கரையே இல்லாமல். கோகோ விதையே அவர்களுக்குக் காசாகவும் இருந்திருக்கிறது. சாக்லேட்டைப் பட்டையாகக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது 1847-ல் இங்கிலாந்தில். பால் சேர்த்தது 1875-ல் சுவிட்சர்லாந்தில். அதெல்லாம் நேற்றைய சமாசாரம். பாட்டையா டம்ளரில் கொடுத்ததுதான் ஒரிஜினல்!

"ஏலே, இதை ஒரு கடை போட்டு வித்தா..." என்று பாலிசி ஆரம்பித்தான்.

அப்போதுதான் டவுட்டு கேட்டான். "அந்த ஓரத்துல ஒரு அட்டை தொங்குதே, காட்சி எண் 8. அங்க ஒண்ணையும் காணுமே?"

வேலி ஓரம். ஒரு சின்னக் கல். அட்டை அதற்கு மேலே முருங்கைக் கிளையில் ஆடியது.

தோப்பு டம்ளரைக் கீழே வைத்தான்.

"அது எல்லைக்கல்லு. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வாங்குதேன். மூணு ஏக்கரும் குடுக்கப் போறேன். ரிசார்ட் கட்டப் போறாங்களாம்."

மோட்டார் ஓடி முடிந்து தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா ஆஸ்பத்திரிச் செலவு. தங்கச்சி கல்யாணம். வட்டி ஏறிக்கிட்டே போகுது. 2024-ல கோகோ கிலோ ஆயிரம் ரூபாயைத் தொட்டுச்சுலே. ஆப்பிரிக்காவுல விளைச்சல் போச்சு, உலகச் சந்தையில டன்னு பத்தாயிரம் டாலரைத் தாண்டுச்சு. இப்படியே ரெண்டு வருஷம் நின்னா கடனை அடைச்சிரலாம்னு நெனச்சேன். நிக்கலை. அடுத்த வருஷமே சரிஞ்சிட்டு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "குடுக்குறதுக்கு முன்னால நீங்க மூணு பேரும் ஒருவாட்டி பாத்துரணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

கணக்குப் பிரிவில் இருக்கிறவன் நான். என் புத்தி கணக்குத்தான் போடும். பன்னிரண்டு வருஷம். மாசத்துக்கு இரண்டு தடவை கேட்டான் என்று வைத்தாலும் இருநூற்று எண்பத்தெட்டு தடவை. 'தோப்புக்கு எப்பலே வாரீங்க?' அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த மாசங்களிலும் கேட்டிருப்பான். நாங்கள் ஸ்வெட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்போம். எவனோ ஊட்டியில் வைத்திருக்கிற மியூசியத்துக்கு நானூறு கிலோமீட்டர் போகத் துடித்த கால்கள், நண்பன் வளர்த்த மரத்தைப் பார்க்க இருபது கிலோமீட்டர் வரவில்லை.

பாலிசி வாயைத் திறக்கவே இல்லை. அவனை அப்படி நான் பார்த்ததில்லை.

டவுட்டுதான் மெதுவாகக் கேட்டான். "ஒரு சந்தேகம்லே. கோவிச்சுக்கிடாத. கடன் மூணு ஏக்கருக்கா இருக்கு?"

"என்னது?"

"மூணையும் ஏன் விக்கணும்னு கேக்கேன்."

"வாங்குறவங்க மூணும் சேந்தாத்தான் வேணும்னு சொல்லுதாங்க."

"அது அவுகளுக்கு. உனக்கு எவ்வளவு விக்கணும்?"

வாழ்நாளில் டவுட்டு கேட்ட உருப்படியான சந்தேகம் அதுதான்.

காட்சி எண் 8 அட்டையைக் கழற்றித் திருப்பினேன். காலண்டர் பக்கத்தில் தேதிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையில் எழுத ஆரம்பித்தோம். கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ரோட்டோரத்து ஏக்கர் தனியாக என்ன போகும், மரத்துக்கு ஒரு கிலோ காய்ந்த கோகோ என்று வைத்தால் வருஷத்துக்கு என்ன வரும், தேங்காயில் என்ன வரும். பாலிசி எந்தக் கடனை முதலில் அடைத்தால் வட்டி குறையும் என்று சொன்னான். அந்த வித்தை அவனுக்குத் தெரியும் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டையா நடுவில் வந்து, "ரோட்டோரத்துல நிக்கிறதுதான்யா நல்ல காய்ப்பு மரம்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. இருட்டுகிற வரை கணக்குப் போட்டோம்.

*

கதையில் என்றால் அந்த ராத்திரியே புதையல் கிடைத்திருக்கும். இது தென்காசி. அந்த வெள்ளிக்கிழமை தோப்பு அட்வான்ஸ் வாங்கவில்லை. மூணும் சேர்ந்து கேட்டவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாசம் வேறு ஆளே வரவில்லை. 'உங்க பேச்சைக் கேட்டு...' என்று அவன் சொல்லிவிடுவானோ என்று நான் டீக்கடைப் பக்கமே ஒளிந்து ஒளிந்து போனேன். கடைசியில் பக்கத்துத் தோப்புக்காரர் ரோட்டோரத்து ஒரு ஏக்கரை மட்டும் வாங்கினார். எதிர்பார்த்ததைவிடக் குறைந்த விலை. நல்ல காய்ப்பு மரங்கள் அதோடு போயின. பாதிக் கடனுக்கு மேல் அடைந்துவிட்டது. மிச்சத்தை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே போகிறோம். காய் உடைக்கிறோம். நான் விதையைக் கடிப்பதில்லை. தோப்பும் இப்போதெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கேட்க அவசியமில்லாமல் போய்விட்டது. சமயத்தில் அவன் வாயிலிருந்து அதைக் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

போன வாரம் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். பாலிசியிடம் எண்டோமென்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நல்ல மூடில் இருந்தார்.

"என்ன சார், மாசா மாசம் ஞாயித்துக்கிழமை எங்கயோ போயிட்டு வாறீரே... உங்க குலதெய்வம் எப்படி இருக்கு?"

"மூணு ஏக்கர்ல ரெண்டு ஏக்கர் நல்லா இருக்கு, சார்" என்றேன்.